1941-இல் பினாங்கில் கடைசி வகுப்புப் படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

பினாங்குப் பேத்தி:
எங்கள் தாத்தா அந்த வருடம் ஜார்ஜ்டவுனில் சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதித் தேர்வு வகுப்பில் இருந்தவர். வகுப்புப் படம் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. அந்தப் பிள்ளைகள் அப்புறம் என்ன செய்தார்கள்?

பட்டர்வொர்த் வாசகர்:
டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள், 11-ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது, விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற சனங்களே நிறைய பேர் செத்தார்கள், 19-ஆம் தேதி தீவு அவர்கள் கையில். வெள்ளைக்காரர்களை மட்டும் ராவோடு ராவாகக் கப்பலேற்றிவிட்டு நம்மை விட்டுப் போனதை என் பாட்டி கடைசிவரை மன்னிக்கவில்லை. நியாயமான கோபம்.

செந்தூல்காரன்:
சகோதரி, ஆங்கிலம் படித்தவர்களில் பலர் ஜப்பானிய மொழி கற்றுக் குமாஸ்தா வேலைக்குப் போனார்கள், சிலர் 1943-இல் நேதாஜி வந்ததும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பெண்பிள்ளைகளும் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். தோட்டத்துப் பையன்களில் பலருக்கு அந்த வாய்ப்பும் இல்லை, அவர்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை:
1945-க்குப் பிறகு வயது மீறியவர்களையும் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. இருபது வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார்கள். தாத்தாவும் திரும்பிப் போயிருக்கலாம். பள்ளியின் பழைய ஆண்டு மலர்களைக் கேளுங்கள், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேடலாம்.

பினாங்குப் பேத்தி:
நன்றி டீச்சர். படத்தின் பின்னால் பெயர்கள் இருக்கின்றன, அதை வைத்துத் தேடுகிறேன்.