இரும்புக்கு ஓட்டிய ஃபிளாப் டிஸ்க்கை (மணல்தாள் மடிப்பு அடுக்கிய தேய்ப்பு வட்டு) எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாமா?

தொண்டி வெல்டர்: ராமேஸ்வரம் பக்கம் எஸ்.எஸ். கைப்பிடி ரெண்டு மாசத்துல பழுப்பு ஏறுதுன்னா சரக்கு மட்டம். 202 ரக எஸ்.எஸ். பைப்பை 304 ரகம்னு தள்ளி விடுறாங்க. டிஸ்க் மேல பழி போடுறதை நிறுத்துங்க. இரும்புக்கு ஓட்டுன ஃபிளாப் டிஸ்க்கையே எஸ்.எஸ்.ஸுக்கும் ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது.

பாம்பன் கிரைண்டர்: கடைசி வரி சுத்தத் தப்பு. இரும்புல ஓடுன டிஸ்க்கோட மடிப்புக்குள்ள இரும்புத்தூள் ஏறி உக்காந்திருக்கும். 4 இஞ்ச் மிஷின் 11,000 சுத்துல அதை எஸ்.எஸ். மேல தேய்ச்சுப் பதிச்சிரும். உப்புக்காத்து பட்டதும் முதல்ல துருப்பிடிக்கிறது அந்தத் தூள்தான். விட்டா அதுக்கு அடியில குழி விழும். எஸ்.எஸ்.ஸுக்குத் தனி டிஸ்க், தனிப் பெட்டி.

தொண்டி வெல்டர்: காந்தம் வச்சுப் பாருங்க தம்பி, 202-ன்னு தெரிஞ்சிரும்.

பாம்பன் கிரைண்டர்: அண்ணே, 202, 304 ரெண்டுலயும் காந்தம் ஒட்டாது. வளைச்ச இடத்துல ரெண்டுலயும் லேசா இழுக்கும். இது தெரியாம சரக்கைப் பத்திப் பேச வந்துட்டீங்க. 202-ல மாங்கனீசு கூட, நிக்கல் கம்மி. அதைக் காட்ட மாங்கனீசைக் கண்டுபிடிக்கிற சொட்டு மருந்துதான் வேணும்.

கீழக்கரை பாலிஷ்: ரெண்டு பேரும் கோட்டை விட்டுட்டீங்க. 60 கிரிட்லயே (நம்பர் கூடக்கூட மணல் நைஸ்) வேலையை நிறுத்துனா தேய்ச்ச கோட்டுப் பள்ளத்துல உப்பு தங்கும். 60-ல வெல்டை இறக்கணும், பிறகு 80, 120, கடைசியில 240 ஃபிளாப் வீல். ஒவ்வொரு தடவையும் முந்தின கோட்டுக்குக் குறுக்கே ஓட்டி, பழைய கோடு மறைஞ்ச பிறகுதான் அடுத்த கிரிட். கடலோரத்துல சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குள்ள இருக்கணும்.

பாம்பன் கிரைண்டர்: கோடு சரி, கீழக்கரை காக்கா. ஆனா அந்த 240 இரும்புல ஓடுனதுன்னா பளபளப்பா துருப்பிடிக்கும். பேச்சு டிஸ்க்கைப் பத்தி.

மண்டபம் ஃபிட்டர்: வீலா டிஸ்க்கா, எதைப் பேசுறீங்க? வீல் தண்டு வச்சு பைப் உள்பக்கம் போறது, டிஸ்க் கிரைண்டர்ல மாட்டுறது.

தொண்டி வெல்டர்: ரெண்டும் தேய்க்கிறதுதானே. ஜிர்கோனியா மணல் டிஸ்க் போட்டுக் காசைக் கரைக்காம அலுமினியம் ஆக்சைடு மணல் போடுங்க, போதும்.

மண்டபம் ஃபிட்டர்: ஜிர்கோனியா மணல் உடைஞ்சு புது முனை வரணும்னா அழுத்தம் வேணும். ஒன்றரை மில்லிமீட்டர் கனப் பைப்பை அழுத்துனா சூடேறி நீலம் பாயும். எஸ்.எஸ்.ஸுல சூடு பரவுறது இரும்புல பரவுற வேகத்துல மூணுல ஒரு பங்குதான். வேகத்தை 6,000-க்கு இறக்குங்க, ஒரே இடத்துல நிக்காதீங்க. நீலம் பாய்ஞ்ச இடத்துல குரோமியம் குறைஞ்சிருக்கும், அங்கயும் துரு வரும்.

தொண்டி வெல்டர்: அதைத்தான் நானும் சொல்றேன், டிஸ்க் காரணமில்ல. 316 பைப் போடுங்க.

பாம்பன் கிரைண்டர்: 316-ல துருவைத் தடுக்கிற மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருந்தா என்ன, மேல பதிஞ்சது வெறும் இரும்புதானே? சந்தேகம்னா வெட்டுத் துண்டுல பாருங்க. 250 மில்லி வாலைவடிநீர்ல (டிஸ்டில்டு வாட்டர்) 1 மில்லி கந்தக அமிலத்தை ஊத்தி (அமிலத்துல தண்ணியை ஊத்தாதீங்க), 4 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைங்க. துண்டு மேல தடவி 6 நிமிஷம் காயாம ஈரமா வையுங்க. செம்பு நிறம் ஏறுன இடமெல்லாம் உங்க டிஸ்க் விட்ட இரும்பு.

தொண்டி வெல்டர்: சிட்ரிக் அமிலத்துல கழுவிட்டா போச்சு. பிறகு என்ன தனி டிஸ்க்?

பாம்பன் கிரைண்டர்: 10 சதவீதக் கரைசல், 20 நிமிஷம். மேலாப்புல கிடக்குற தூள்தான் போகும். சூட்டுல ஒட்டிப் பதிஞ்சதை எடுக்க பிக்கிளிங் பேஸ்ட் (அமிலப் பசை) வேணும், அதுல ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கு, கையுறை இல்லாம தொட்டா எலும்பு வரை போகும். ஒரு டிஸ்க் மிச்சம் பிடிக்க இவ்வளவு பாடா?

கீழக்கரை பாலிஷ்: எதுல கழுவுறீங்க? நம்ம கரையோரத்து போர்த் தண்ணியே உப்பு. அதுல கழுவி வெயில்ல காய விட்டா வெள்ளைக் கறை பிடிச்சு அதுக்கு அடியில துரு. காவிரித் தண்ணியில கழுவித் துடைக்கணும்.

பாம்பன் கிரைண்டர்: எந்தத் தண்ணியில கழுவுனாலும் பதிஞ்ச இரும்பு போகாது. தனி டிஸ்க்.

தொண்டி வெல்டர்: ரெண்டு டிஸ்க்குக்கு எந்த வீட்டுக்காரரும் காசு தர மாட்டார். முதல்ல 202-ஐ நிறுத்துங்க, பிறகு டிஸ்க்குக்கு வருவோம்.

கீழக்கரை பாலிஷ்: 240 வரைக்கும் போகாதவன் எந்தப் பைப்பைப் போட்டாலும் வீண்.

பாம்பன் கிரைண்டர்: மயில்துத்தம், 6 நிமிஷம். செஞ்சு பார்த்துட்டு வந்து பேசுங்கண்ணே.