இன்ஃப்ளேமபிள்: தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

கொழிஞ்சாம்பாறை பெயிண்டர்:
நேற்று வேலை இடத்தில் தின்னர் கேனை ஒட்டி உட்கார்ந்து ஒரு பையன் பீடி பற்றவைக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். ‘இன்ஃப்ளேமபிள்னுதானேண்ணே போட்டிருக்கு, தீப்பிடிக்காதே’ என்கிறான். இன்கரெக்ட் என்றால் கரெக்ட் இல்லை. அந்தக் கணக்கில் அவன் சொன்னது சரிதானே? தப்பு அந்த வார்த்தை மேல்தான்.

மீனாட்சிபுரம் டீச்சர்:
வார்த்தை என்ன செய்யும் தம்பி? லத்தீனில் இரண்டு ‘இன்’ உண்டு. ஒன்று ‘இல்லை’, மற்றது ‘உள்ளே’. ‘ஃப்ளாமா’ என்றால் தீச்சுடர், ‘இன்ஃப்ளமாரே’ என்றால் தீமூட்டுவது. இம்பாஸிபிளில் இருப்பது முதல் வகை, இம்போர்ட்டிலும் இன்ஃப்ளேமபிளிலும் இருப்பது இரண்டாம் வகை. ஏன், நம்மிடமே இருக்கிறதே. அநியாயம் என்றால் நியாயம் இல்லாதது. அனுபவம் என்றால் ‘பவம்’ இல்லாததா?

கொழிஞ்சாம்பாறை பெயிண்டர்:
அனுபவத்தைத் தப்பாகப் படித்தால் யாருக்கும் மேல் வேகாது டீச்சர்.

வாளையார் டேங்கர்:
பெயிண்டர் அண்ணன் பக்கம்தான் நான். இந்தக் குழப்பம் வெள்ளைக்காரனுக்கே இருந்தது. ஃப்ளேமபிள் என்ற சொல் 1813லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது, ஆனால் சீந்துவாரில்லை. 1920களில் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம்தான் அதைத் தூசு தட்டி எடுத்தது. 1959ல் பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் அதையே எழுதச் சொன்னது. தீப்பிடிப்பதற்கு ஃப்ளேமபிள், தீப்பிடிக்காததற்கு நான்-ஃப்ளேமபிள். இதில் யாருக்குக் குழப்பம் வரும்?

மீனாட்சிபுரம் டீச்சர்:
வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் நாட்டில் 1952ல் போட்ட சட்டத்தின் பெயரே ‘இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்ஸஸ் ஆக்ட்’. பழைய சொல் கேனிலும் லாரியிலும் இருக்கிறவரை அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வாளையார் டேங்கர்:
சொல்லிக்கொடுங்கள். ஆனால் உங்கள் வகுப்புக்கு வராத கிளீனர் பையன் என்ன செய்வான்? தமிழில் எழுதினால் இந்த வம்பே இல்லை. பற்றும், பற்றாது. ‘இல்லை’ என்பது வால் பக்கம் தெளிவாக நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறை பெயிண்டர்:
கேன் மேல் சிவப்பில் ‘தீ பிடிக்கும்’ என்று எழுதிவிட்டேன். மலையாளத்திலும் அதே ‘தீ பிடிக்கும்’தான், எழுத்து மட்டும் வேறு. அதையும் கீழே எழுதினேன். என் மலையாள எழுத்து கொஞ்சம் கோணல், டீச்சர் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது.