பல் பிடுங்கிய பிறகு நிற்காத ரத்தம்

சேலம் சித்தி: பாப்பாவுக்கு நேற்று கடைவாய்ப் பல் பிடுங்கினோம். ராத்திரி முழுக்க ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. காலையில் தையல் போட்ட பிறகுதான் நின்றது.

பெரியம்மா: அடப்பாவமே. எனக்கும் பல் எடுத்தபோது இதே கதைதான். நம் வீட்டுப் பெண்களுக்கு உடம்பு வாகே அப்படி.

தேனி மாமா: ரத்தம் டெஸ்ட் எடுத்தீங்களா?

சேலம் சித்தி: எடுத்தோம் அண்ணா. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. எல்லாம் நார்மல். பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வேலூர் அக்கா: சித்தி, இந்த மூன்றும் நார்மலாக இருந்தாலும் ஒரு குறை ஒளிந்திருக்கலாம். பாப்பாவுக்கு மாதவிலக்கு எப்படி?

சேலம் சித்தி: ஒன்பது, பத்து நாள் போகும். முதல் ரெண்டு நாள் மணிக்கு ஒரு நாப்கின் மாற்றுகிறாள். சின்னதிலிருந்தே மூக்கிலும் ரத்தம் வரும். ஹீமோகுளோபின் 8தான்.

வேலூர் அக்கா: அப்போ வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் பார்த்தே ஆக வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் அது. ரத்தக்குழாயில் காயம் பட்டால் தட்டணுக்களை அந்த இடத்தில் பசை மாதிரி ஒட்ட வைக்கும். ரத்தம் உறைய உதவும் 8ஆம் ஃபேக்டர் என்ற இன்னொரு புரதம் சீக்கிரம் சிதைந்து போகாமல் கூடவே சுமந்து காப்பதும் இதுதான். இது குறைந்தாலோ சரியாக வேலை செய்யாவிட்டாலோ மூக்கு, ஈறு, கர்ப்பப்பை என்று ரத்தம் போகும்.

தேனி மாமா: ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயா? அது ஆம்பளைப் பசங்களுக்குத்தானே வரும்?

வேலூர் அக்கா: இது வேறு மாமா, வான் வில்லிபிராண்ட் நோய் என்பார்கள். ஹீமோபிலியா ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதனால் பெரும்பாலும் பையன்களுக்கு. இதன் ஜீன் 12ஆம் குரோமோசோமில் இருப்பதால் இருபாலருக்கும் வரும். மாதவிலக்கும் பிரசவமும் இருப்பதால் பெண்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். 1926இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலாண்ட் தீவுக் குடும்பம் ஒன்றைப் பார்த்து இதை எழுதினார். அந்த வீட்டுச் சிறுமி பின்னால் நான்காவது மாதவிலக்கிலேயே இறந்துபோனாள். இன்றைக்கு மருந்து இருக்கிறது. ‘உடம்பு வாகு’ என்று யாரும் விட்டுவிடாதீர்கள்.

பெரியம்மா: உன் தம்பி பிறந்து பத்து நாள் கழித்து எனக்கு ரத்தம் கொட்டியதே, அதுவும் இதனாலா?

வேலூர் அக்கா: இருக்கலாம் அம்மா. கர்ப்பத்தில் இந்தப் புரதம் கூடும், பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிடும். நீயும் டெஸ்ட் கொடு.

சேலம் சித்தி: என்ன டெஸ்ட் என்று கேட்க வேண்டும்?

வேலூர் அக்கா: வான் வில்லிபிராண்ட் ஆன்டிஜென் (அதாவது அந்தப் புரதத்தின் அளவு), அதன் செயல்திறன், 8ஆம் ஃபேக்டர், கூடவே ரத்த வகை. ஓ வகைக்காரர்களுக்கு இயல்பிலேயே அளவு குறைவாக இருக்கும். ரத்தவியல் மருத்துவரிடமே போங்கள். காய்ச்சலோ பதற்றமோ இருந்தால் அளவு ஏறிக் காட்டும், அதனால் ஒரு தடவை நார்மல் வந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

சேலம் சித்தி: பல் வலிக்கு என்ன கொடுக்கட்டும்?

வேலூர் அக்கா: பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை தேவையா என்று பல் டாக்டரிடம் இன்றே கேளுங்கள். மறுபடி ரத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.