மே மாதம் மியூரன்: ரூம் விலை பாதி, ஊரும் பாதியா?

மலைக்கோட்டை:
வணக்கம். மே முதல் வாரம் குடும்பத்தோட சுவிஸ் போறோம். நான், மனைவி, எட்டு வயசுப் பையன், மூணு வயசுப் பொண்ணு, 67 வயசு அம்மா. பள்ளிக்கூட லீவு அப்போதான், அதனால தேதியை மாத்த முடியாது. மியூரன்ங்கிற மலை ஊர்ல ஒரு அபார்ட்மெண்ட் ஜூலை விலையில ஏறக்குறைய பாதிக்குக் கிடைக்குது. 1,638 மீட்டர் உயரம், ஊருக்குள்ள கார் கிடையாது, ஜன்னலுக்கு எதிர்லயே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூணு சிகரமும். நாலு ராத்திரிக்குப் பேசி வச்சிருக்கேன், பணம் இன்னும் கட்டல. ஆபீஸ்ல ஒருத்தர் "மே மாசம் அங்க ஈ கூட இருக்காது, ஏமாந்துடாதே"ங்கிறார். இன்னொருத்தர் அதுதான் நல்ல நேரம்ங்கிறார். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கறார்கணக்கு:
முதல் ஆள் சொன்னதுதான் சரி. பாதி விலைக்குத் தர்றான்னா ஏன் தர்றான்னு யோசிக்கணும் சார். ஏப்ரலோட பனிச்சறுக்கு முடியும், நடைப்பயணக் கூட்டம் ஜூன்லதான் வரும். நடுவுல இருக்கிற இந்த ஆறேழு வாரம் மலை ஊருக்கெல்லாம் லீவு. மியூரன்லேர்ந்து மேல ஏறுற அல்மெண்ட்ஹூபல் விஞ்ச் ஜூன் வரைக்கும் ஓடாது. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற வெங்கன் ஊர்லேர்ந்து மென்லிகன் மலைக்குப் போற ரோப் கார் மே கடைசியிலதான் திறக்கும். ஷில்ட்ஹார்ன் சிகரத்துக்குப் போற ரோப் காருக்கும் வசந்தத்துல பராமரிப்பு நாள் உண்டு, உங்க தேதி அதுல மாட்டுதான்னு பாருங்க. நடைபாதைகள்ல பாதி பனிக்கு அடியில, மீதி சேறு. ஹோட்டல், சாப்பாட்டுக்கடை முக்கால்வாசி மூடியிருக்கும்.

இன்ஸ்டாகிராம்ல பார்த்து மயங்குற ஏரிகளையும் மறந்துடுங்க. கிரிண்டல்வால்ட் ஊருக்கு மேல இருக்கிற பாக்ஆல்ப்சே ஏரி 2,265 மீட்டர். மே முதல் வாரத்துல அது வெறும் வெள்ளைத் தட்டை நிலம். செர்மாட்ல மாட்டர்ஹார்ன் சிகரம் தண்ணியில தலைகீழாத் தெரியுமே, அந்த ரிஃபல்சேயும் அப்படித்தான்.

பனிக்கரடி:
கறார் ஐயா மூடியிருக்கிற லிஸ்ட்டை மட்டும் அழகா எழுதுறார். திறந்திருக்கிறதை யார் எழுதுறது?

மே மாசத்துக்கு என் சூத்திரம் ஒண்ணுதான்: கயிறு நிக்கும், தண்டவாளம் ஓடும். ரோப் கார்களுக்குக் கயிறு சோதனை, பராமரிப்பு எல்லாம் இந்த இடைவெளியிலதான் பண்ணுவாங்க. பல்சக்கர ரயிலுக்கு அந்தக் கதை இல்லை. வெங்கன் வழியா க்ளைன ஷைடெக் போற ரயில் ஓடும். அங்கேர்ந்து 3,454 மீட்டர்ல இருக்கிற யுங்ஃப்ராவ்யோக் கணவாய்க்குப் போற ரயில் 1912லேர்ந்து ஓடுது, வருஷம் முழுக்க. செர்மாட்ல கோர்னர்கிராட் ரயிலும் அப்படியே. (பையனுக்கு ஊட்டி ரயில் பிடிக்குமா? அதோட பழைய நீராவி எஞ்சின்கள் சுவிஸ்ல வின்டர்தூர்ங்கிற ஊர்லதான் செஞ்சது. சொல்லி வையுங்க, குஷியாயிடுவான்.)

முக்கியமான விஷயம் பனி. ஆகஸ்ட்ல போற நம்ம ஊர்க் குடும்பம் பனியைத் தொட்டுப் பார்க்கவே யுங்ஃப்ராவ்யோக் வரைக்கும் போகணும். முழு விலையில ஆளுக்கு 200 ஃப்ராங்குக்கு மேல. மே முதல் வாரம்னா 2,061 மீட்டர்ல க்ளைன ஷைடெக் ஸ்டேஷன்ல இறங்கினாலே பக்கத்துல பனி கிடக்கும். பிள்ளைங்க உருண்டு விளையாட அது போதும்.

கறார்கணக்கு:
//கயிறு நிக்கும், தண்டவாளம் ஓடும்//

கேட்க நல்லா இருக்கு, முழு உண்மை இல்லை. வில்டர்ஸ்வில்லேர்ந்து ஏறுற ஷீனிக பிளாட்ட ரயில் தண்டவாளம்தானே? ஜூன்லதான் கிளம்பும். பிரியன்ஸ் ரோட்ஹார்ன் நீராவி ரயில்? அதுவும் மேலே பனியைத் தள்ளி முடிச்ச பிறகுதான். உங்க சூத்திரத்தை நம்பி ஒருத்தர் வில்டர்ஸ்வில் ஸ்டேஷன்ல போய் நின்னா என்ன ஆகும்?

பனிக்கரடி:
அது ரெண்டும் கோடைக்கு மட்டும் ஓடுற உல்லாச ரயில் ஐயா. நான் சொல்றது ஊர் ஜனம் பிழைக்கிற ரயில். வெங்கனுக்கு ரோடே கிடையாது, ரயில் நின்னா அங்க பால் பாக்கெட் கூடப் போகாது.

குசினிக்காரன்:
வணக்கம். நான் இஞ்ச ஓபர்லாண்டிலதான், நீங்கள் கதைக்கிற இந்த மலைப்பக்கம்தான், ஒரு ஹோட்டல் குசினியில வேலை செய்யிறன். ரெண்டு பேரும் சொல்லுறதில அரைவாசி அரைவாசி சரி.

ஏன் பூட்டுகினம் எண்டதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ. குளிர்கால ஒப்பந்தம் ஈஸ்டரோட, இல்லாட்டி ஏப்ரல் முடிவோட முடிஞ்சிடும். கோடை ஒப்பந்தம் மே கடைசி, ஜூன் தொடக்கம். நடுவில இஞ்ச வேலை செய்யிற போர்த்துக்கல் பெடியள் எல்லாம் ஊருக்குப் போயிடுவினம். எங்கட ஆக்களும் லீவு எடுத்து யாழ்ப்பாணம், கனடா எண்டு போற நேரம் இதுதான். முதலாளி பெயின்ட் அடிப்பார், குளியலறை உடைச்சுக் கட்டுவார். ஈஸ்டர் முந்தி வந்தால் கீழ் ஊருகளில பூட்டுறதும் முந்தும். இது ஒருத்தரை ஏமாத்துற வேலையில்லை, இஞ்சத்தைய வருச ஒழுங்கு.

அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். மே மாசம் வாங்கோ. ஆனா மியூரனில தங்காதேங்கோ. கீழ பள்ளத்தாக்கில இருக்கிற லவுட்டர்புருன்னனில தங்குங்கோ, அது 800 மீட்டர்தான். மேல ஏப்ரல் மாதிரி இருக்கேக்க கீழ புல்லு முழங்கால் உயரத்துக்கு வந்து, வயல் முழுக்க மஞ்சள் பூவாய் நிக்கும். மேல போக வேணுமெண்டால் காலமை வெளிக்கிட்டு, பின்னேரம் இறங்குங்கோ.

தூறல்:
குசினிக்காரன் அண்ணா சொல்றதை அப்படியே வழிமொழியறேன். நாங்க வயசான அப்பா அம்மாவோட மே தொடக்கத்துல மேல ஒரு ஊர்லதான் தங்கினோம், ஊர் பேர் வேண்டாம். காட்சி அபாரம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சாப்பாட்டுக்கு எங்க போறதுன்னு தினமும் ஒரு பஞ்சாயத்து. திறந்திருந்த கடையில சீஸ் ஃபாண்டூதான் (உருக்கின சீஸ்) பிரதானம், அம்மாவுக்கு அந்த வாசனையே ஆகலை. அபார்ட்மெண்ட்ல அடுப்பு இருந்ததால தப்பிச்சோம்.

மலைக்கோட்டை சார், உங்க அபார்ட்மெண்ட்ல சமையலறை இருக்கா? மியூரன்ல கூப்னு ஒரு மளிகைக்கடை உண்டு, ஆனா கடை நேரத்தை முன்னாடியே பார்த்துக்கோங்க. ஞாயிற்றுக்கிழமையை நம்பி இருக்காதீங்க.

மலைக்கோட்டை:
சமையலறை இருக்கு மேடம். குக்கர் எடுத்துட்டுப் போறதா அம்மா ஏற்கனவே அறிவிச்சாச்சு.

லவுட்டர்புருன்னன்ல தங்கினா அருவி தவிர வேற என்ன? மூணு வயசுக் குழந்தையோட என்ன பண்ணலாம்?

பனிக்கரடி:
"அருவி தவிர"வா! சார், மே மாசம் அங்க போறதே அருவிக்குத்தான். அந்தப் பள்ளத்தாக்குல 72 அருவின்னு கணக்குச் சொல்வாங்க. ஸ்டவுப்பாக் 297 மீட்டர் உயரத்துலேர்ந்து ஊர்த் தலைமேலேயே விழுது. பனி உருகுற காலம்ங்கிறதால அப்போ அதுல நல்ல தண்ணி இருக்கும். ட்ரூமல்பாக் இன்னும் விசேஷம். ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூணு மலையோட பனியாற்றுத் தண்ணியும் ஒரு பாறைக்குள்ள புகுந்து சுழன்று விழுது, உச்ச காலத்துல நொடிக்கு 20,000 லிட்டர் வரைக்கும். மலைக்குள்ளேயே லிஃப்ட் வச்சிருக்காங்க.

கறார்கணக்கு:
அந்த உச்ச காலம் ஜூன், ஜூலை. மே முதல் வாரத்துல பனியாறு உருகவே ஆரம்பிச்சிருக்காது, கீழ்ச்சரிவுப் பனிதான் உருகும். அதுவும் போக, ட்ரூமல்பாக்ல நாலு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளை உள்ளயே விடமாட்டாங்க. முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போனாலும் சரி. பாப்பாவுக்கு மூணு வயசுன்னு முதல் பதிவுலேயே இருக்கு. பரிந்துரைக்கிறதுக்கு முன்னாடி கேள்வியைப் படிங்க ப்ரோ.

பனிக்கரடி:
அந்த விதி சரிதான், ஒத்துக்கறேன். பாட்டியும் பேத்தியும் வெளியில பெஞ்சுல உட்காரட்டும், உள்ளே ஈரமான படிக்கட்டுங்க, முட்டி வலிக்காரங்களுக்கு அதுவும் நல்லதில்லை. மத்தவங்க முறை வச்சுப் போய்ப் பார்த்துட்டு வரலாம்.

லவுட்டர்புருன்னன்லேர்ந்து ஸ்டெகல்பெர்க் வரைக்கும் பள்ளத்தாக்குத் தரையில போற பாதை சமதளம். தள்ளுவண்டி போகும். கால் வலிச்சா நடுவுல பஸ் ஏறிக்கலாம்.

தூறல்:
அம்மாவை யுங்ஃப்ராவ்யோக் கூட்டிட்டுப் போற எண்ணம் இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அந்த உயரத்துல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். மேல போய் வேகமா நடந்தா இளைஞர்களுக்கே தலை சுத்துது. க்ளைன ஷைடெக் வரைக்கும் போய்ப் பனியைப் பார்த்துட்டுத் திரும்பினா அவங்களுக்குப் போதும், செலவும் மிச்சம்.

கறார்கணக்கு:
இதுவரைக்கும் யாரும் கூட்டத்தைப் பத்திப் பேசலை. "ஆஃப் சீசன், அமைதி"ன்னு எல்லாரும் எழுதுறீங்க. யாருக்கு ஆஃப் சீசன்? சுவிஸ்காரனுக்கு. இந்தியாவுல பள்ளிக்கூட லீவு விடுறது மே மாசம். அடிவாரத்து இண்டர்லாகன் ஸ்டேஷன்ல அப்போ நின்னா தமிழ், தெலுங்கு, குஜராத்தி எல்லாம் காதுல விழும். யுங்ஃப்ராவ்யோக்ல இந்திய உணவகமே வச்சிருக்கான், சும்மாவா? லவுட்டர்புருன்னன்ல கூட்டம் தாங்காம, காரில் வர்ற பகல்நேரப் பயணிகள்கிட்ட நுழைவுக் கட்டணம் வாங்கலாமான்னு 2024இல் அந்த ஊராட்சியே யோசிச்சது. அங்க போய்த்தான் அமைதி தேடணுமா?

குசினிக்காரன்:
அது மெய். ஆனா பகல் பத்து மணியிலயிருந்து நாலு மணி வரைக்கும்தான் அந்தச் சனம். பஸ்ஸில வருவினம், ஸ்டவுப்பாக்குக்கு முன்னால நிண்டு படம் எடுப்பினம், போயிடுவினம். மே மாசம் இரவு ஒன்பது மணிக்குக் கிட்ட வரைக்கும் வெளிச்சம் இருக்கும். பின்னேரச் சாப்பாடு முடிச்சுப்போட்டு பிள்ளையளோட நடவுங்கோ, ஊர்ச்சனம் மட்டும்தான் நிக்கும்.

சனத்துக்குப் பயப்பிட வேணுமெண்டால் மே மாசத்தில வாற விடுமுறைகளைப் பாருங்கோ. உயிர்த்த ஆண்டவர் விண்ணேறின வியாழக்கிழமை இஞ்ச பொது விடுமுறை. வெள்ளியும் லீவு போட்டு நாலு நாள் எல்லாரும் வெளிக்கிடுவினம். அந்த நாளில யுங்ஃப்ராவ்யோக் எண்டால் முதலே சீட் போட்டு வையுங்கோ.

கறார்கணக்கு:
சரி, என் கடைசி வாதம். குழந்தைகளுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியில வருதே, அதை ஏன் யாரும் நினைக்கவே மாட்டேங்கிறீங்க? அப்போ எல்லா ரோப் காரும் ஓடும், எல்லாப் பாதையும் காய்ஞ்சு இருக்கும், ஏரியில தண்ணி தண்ணியா இருக்கும், மேய்ச்சலுக்குப் போன மாடுங்க பூ வச்சு அலங்காரத்தோட இறங்கி வரும். கோடைக் கூட்டமும் வடிஞ்சிருக்கும். லீவு பத்தலைன்னா ரெண்டு நாள் கூட எடுங்க. மலைக்குப் போறது மேல ஏறத்தான். ஏற வழியில்லாத மாசத்துல போய் அடிவாரத்துல நின்னு அண்ணாந்து பார்க்க இவ்வளவு டிக்கெட் செலவு எதுக்கு?

தூறல்:
எட்டு வயசும் மூணு வயசும் 67 வயசும் சேர்ந்து எந்த மலையில ஏறப் போறாங்க சார்? தனியாப் போற உங்களுக்கு இது சரியான கணக்கு. இவங்களுக்கு ரயில், புல்வெளி, கொஞ்சம் பனி, சூடா ஒரு சாம்பார் சாதம். மே மாசத்துல இது நாலுமே கிடைக்குது.

பனிக்கரடி:
பாதை விஷயத்துல மட்டும் கறார் ஐயா பக்கம்தான் நான். மேல நடைபாதை காட்டுற மஞ்சள் பலகை தெரியுது, சிவப்பு வெள்ளைக் கோடு தெரியுதுன்னு நடக்க ஆரம்பிச்சுடாதீங்க. மே மாசத்து வெயில்ல மத்தியானத்துக்கு மேல சரிவுல இருக்கிற ஈரப்பனி இறங்கும். "மூடப்பட்டது"ன்னு பலகை இருந்தா மூடப்பட்டதுதான், நாலு பேர் கால்தடம் தெரிஞ்சாலும். மியூரன்லேர்ந்து க்ரூட்ஷால்ப் வரைக்கும் ரயில் பாதையை ஒட்டிப் போற வழி மட்டும் பனி விலகியிருக்கான்னு ஊர்ல கேட்டுட்டுப் போகலாம்.

இன்னொண்ணு, எதையும் முன்கூட்டியே தேதி போட்டு டிக்கெட் வாங்காதீங்க (குசினிக்காரன் சொன்ன நீண்ட விடுமுறை தவிர). காலையில எழுந்ததும் மேல இருக்கிற நேரடி கேமராவைப் பாருங்க. மேகம் மூடியிருந்தா அன்னைக்கு துன் ஏரிக் கரைக்குப் போங்க.

மலைக்கோட்டை:
எல்லாருக்கும் நன்றி. வீட்ல பேசினோம். மியூரன் நாலு ராத்திரியை விட்டுட்டோம், பணம் கட்டாததால நஷ்டமில்லை. லவுட்டர்புருன்னன்ல ஸ்டேஷன் பக்கத்துல சமையலறையோட ஒரு வீடு பார்த்திருக்கேன். விலை அவ்வளவு குறைவில்லை, மியூரனை விடக் கூடத்தான். ஒரு நாள் மட்டும் வானம் தெளிவா இருந்தா மியூரன் போய் மத்தியானச் சாப்பாடு கட்டிட்டுப் போய்ச் சாப்பிட்டு வர்றது. சுவிஸ் டிராவல் பாஸ்ல மியூரன் வரைக்கும் வந்துடும்தானே? பையனுக்கு டிக்கெட்?

தூறல்:
மியூரன், வெங்கன், கிரிண்டல்வால்ட் மூணுக்கும் பாஸ் போதும். அதுக்கு மேல யுங்ஃப்ராவ்யோக்குக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி. பாஸ் வாங்கும்போதே ஃபேமிலி கார்டு கேளுங்க, இலவசம். 16 வயசு ஆகாத பிள்ளைங்க அப்பா அம்மாவோட சும்மா போகலாம். பாப்பாவுக்கு எதுவுமே வேண்டாம். அம்மாவுக்குத் தனி பாஸ் வேணும்.

குசினிக்காரன்:
அரிசி ஊரிலயிருந்து சுமக்காதேங்கோ அண்ணை. பேர்ணிலயும் சூரிச்சிலயும் எங்கட ஆக்களின்ர கடை இருக்கு. ரயில் மாறேக்க பொன்னியோ சம்பாவோ வாங்கிக்கொண்டு வரலாம். குக்கரை மட்டும் கொண்டு வாங்கோ.

கறார்கணக்கு:
போறது போங்க, நல்லபடியாப் போய்ட்டு வாங்க. என் கருத்துல மாற்றமில்லை. செப்டம்பர் கடைசியில நான் போறேன், பாக்ஆல்ப்சேயோட படம் இதே இழையில போடுறேன், ஒப்பிட்டுப் பாருங்க.

பனிக்கரடி:
போடுங்க ஐயா. அப்படியே கீழ இறங்கி ஸ்டவுப்பாக்கையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க. செப்டம்பர்ல அது நூல் மாதிரி தொங்கும்.