பையருக்குப் போன கடிதமும் ஒட்டிக்கொண்ட வாக்கியங்களும்

திருப்பூரிலிருந்து:

2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நான் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டியிருந்ததால், பையர்களுக்கு (ஆடை வாங்கும் நிறுவனத்தாருக்கு) நாள்தோறும் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினோம். அவற்றுள் நான் எழுதிய ஒன்று: "தி ஃபேப்ரிக் ஈஸ் ரெடி வீ வில் டை இட் ஆஃப்டர் யுவர் அப்ரூவல் வீ வில் ஸ்டார்ட் கட்டிங்." இப்போதே சாயமேற்றுகிறோம், ஒப்புதலுக்குப் பிறகு கட்டிங் தொடங்குகிறோம் என்பது என் எண்ணம். ஒப்புதலுக்குப் பிறகுதான் சாயமே ஏற்றுவோம் என்று பையர் படித்துக்கொண்டார். நிறத்தை மாற்றச் சொல்லி அவர் எழுதியபோது துணி சாயமேறி வந்துவிட்டது.

மூத்த மெர்ச்சண்டைசர் அக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்து, "ஏங்கண்ணு, இந்த ஆஃப்டர் முன்னாடி இருக்கறதோட சேருதா, பின்னாடி இருக்கறதோடயா?" என்று கேட்டார். மூன்று முழு வாக்கியங்களை நிறுத்தமே இல்லாமல் ஒட்டியிருந்தேன். 'டை இட்' என்பதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி இருந்திருந்தால் அந்தத் துணி தப்பியிருக்கும். காற்புள்ளி வைத்தால் போதாதா என்று கேட்டேன். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி தனியாகத் தாங்காது என்றும், அதனுடன் 'அண்ட்', 'பட்', 'ஸோ' போன்ற ஒரு சொல்லோ, அதற்குப் பதிலாக அரைப்புள்ளியோ வேண்டும் என்றும் அவர் விளக்கினார்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான் வாக்கியங்களை ஒட்டுவதற்கு நேரெதிராக, ஒரே வாக்கியத்தை வெட்டிவிடும் பிழையையே அதிகம் காண்கிறேன். "ஐ வாஸ் லேட். பிகாஸ் தி பஸ் டிட் நாட் கம்." தமிழில் "ஏனென்றால் பேருந்து வரவில்லை" என்பது தனித்து நிற்கும் வாக்கியம். ஆங்கிலத்திலோ 'பிகாஸ்' அதை "பேருந்து வராததால்" என்பதுபோல் தொங்கவிடுகிறது. ஆகவே நடுவிலுள்ள முற்றுப்புள்ளியை எடுத்துவிட வேண்டும். ஐயம் வரும்போது, முன்னால் 'இட் ஈஸ் ட்ரூ தட்' சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். பொருள் முடியாமல் நின்றால் அது குறை வாக்கியம்.

நீளமாக இருந்தாலே அது ஒட்டு வாக்கியம், அதாவது சரியான நிறுத்தமோ இணைப்போ இல்லாமல் ஒட்டிய வாக்கியம், என்று பிள்ளைகள் நினைப்பதுதான் எனக்குப் பெருங்கவலை. "ஐ கேம் ஹீ லெஃப்ட்" என்பதில் நான்கே சொற்கள், இரண்டு எழுவாய்கள், இரண்டு முற்றுவினைகள், இணைப்புச் சொல் ஒன்றுமில்லை. அதனால் இப்போது சொற்களை எண்ணச் சொல்வதில்லை. ஒவ்வொரு முற்றுவினையின் கீழும் பென்சிலால் கோடிட்டு, இரண்டு கோடுகளுக்கு இடையே இருப்பது என்ன என்று பார்க்கச் சொல்கிறேன்.