ப்ளூ மன்டே: விட்டுப்போன அந்த ஒரு நோட்டு

ஸ்டெப்_16
இங்கிலாந்து பேண்ட் நியூ ஆர்டரைக் கேட்கிறவங்களுக்கு முன்கதை வேண்டாம், நேரா விஷயத்துக்கு வரேன். 1983, அவங்களோட ‘ப்ளூ மன்டே’ பாட்டு. டிரம் தனியா ஓடிட்டிருக்கு, அதுக்கு மேல சின்த் (எலெக்ட்ரானிக் கீபோர்டு) மெலடி வந்து விழுது. கிக் டிரம்மோட சேர்ந்து உட்காராம கொஞ்சம் தள்ளியே நிக்குது. ஹெட்போன்ல கேட்டா உறுத்திக்கிட்டே இருக்கும். நிறையப் பேர் இதை ‘ஃபீல்’னு சொல்லிட்டுக் கடந்துடறாங்க. ஃபீலும் இல்ல, மண்ணும் இல்ல. பாடகரும் கித்தாரிஸ்ட்டுமான பெர்னார்ட் சம்னர் சொந்தமா அசெம்பிள் பண்ணின பவர்ட்ரான் சீக்வென்சர்ல (ஏத்தி வெச்ச நோட்டுகளைத் தானே வரிசையா வாசிக்கிற மெஷின்) ஒவ்வொரு நோட்டையும் கையாலேயே ஏத்தணும். அது கீபோர்டு வாசிக்கிற கில்லியன் கில்பர்ட்டோட வேலை. முழுப் பாட்டையும் ஏ4 தாள்கள்ல எழுதி, டேப் போட்டு ஒட்டி, ஸ்டுடியோ நீளத்துக்கு விரிச்சு வெச்சிருந்தாங்க. அதுல ஒரே ஒரு நோட்டு விட்டுப்போச்சு, அதுக்கப்புறம் எல்லாம் நகர்ந்துடுச்சு. வேகம் நிமிஷத்துக்கு 130 பீட் பக்கம். பதினாறில் ஒரு பங்கு நோட்டு 115 மில்லிசெகண்ட். காதுக்கு அது பெரிய இடைவெளி.

வால்வு_வாத்தியார்
இந்தப் பாட்டுல வர்ற மூக் சோர்ஸ் அனலாக் சின்த். சூடு ஏறினா டிரிஃப்ட் ஆகும், அதாவது தானா நழுவும். அந்த நகர்வு அதனாலயும் இருக்கலாமே?

ஸ்டெப்_16
இல்லைங்க. சூடு ஏறினா சுருதிதான் நழுவும், நேரம் நழுவாது. சுருதியைத் தர்ற ஆஸிலேட்டர் வேற, நேரத்தைத் தர்ற க்ளாக் வேற. சின்த்தை ஆன் பண்ணி அரை மணி நேரம் விட்டு அப்புறம் ட்யூன் பண்ணா நீங்க சொல்ற பிரச்சினை அடங்கிடும். நோட்டு விட்டுப்போனது அரை நாள் சூடாக்கினாலும் திரும்பி வராது.

ஃப்ளாப்பி
எனக்கு மனசுல நிக்கிறது அந்த ரெக்கார்டோட உறை. டிசைனர் பீட்டர் சாவில் எமுலேட்டரோட (சத்தத்தைப் பதிஞ்சு திரும்ப வாசிக்கிற சாம்ப்ளர்) 5.25 இன்ச் ஃப்ளாப்பியைப் பார்த்துட்டு அப்படியே வெட்டு ஓட்டைகளோட 12 இன்ச் உறையா பண்ணிட்டார். முன்பக்கம் பேரே கிடையாது, ஓரமா நிறக்கட்டங்கள் மட்டும். அதைப் படிக்கிற சாவி அதே வருஷம் வந்த அடுத்த ஆல்பத்தோட பின்னட்டையில. அந்த எமுலேட்டர்ல ஒரு சாம்பிள் சுமார் ரெண்டு செகண்ட்தான். ‘ப்ளூ மன்டே’ல வர்ற கூட்டுக் குரல் ஜெர்மன் பேண்ட் கிராஃப்ட்வெர்க் ரெக்கார்டுலேர்ந்து எடுத்தது.

மானிட்டர்_மணி
1983 மார்ச் 31, பிபிசி ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’. எல்லாரும் டேப்புக்கு வாயசைக்கிற நிகழ்ச்சி. இவங்க நேரடியாத்தான் வாசிப்போம்னு நின்னாங்க, சத்தம் மெலிஞ்சு சப்புனு இருந்துச்சு. மெஷின்களை இணைக்கிற பொது முறையான மிடியே அந்த ஜனவரியிலதான் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில மேடைக்கு வந்தது. இவங்க மெஷின்களைக் கோத்தது அதுக்கு முந்தின வயரிங்ல.

இந்த மாதிரி பாட்டை மேடையில எடுக்கப் போறவங்களுக்கு நாலு விஷயம் சொல்லிடறேன். லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்ச டிராக் மூணும் ஒரே சாம்பிள் ரேட்ல இருக்கணும். 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ரெக்கார்ட் பண்ணினது 48ல ஓடினா கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகம் கூடும், சுருதி ஒன்றரை செமிடோன் ஏறும். கித்தாரிஸ்ட் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏத்துற கவ்வி) போட்டாலும் அந்த அரை செமிடோனுக்கு என்ன பண்ணுவார்? க்ளிக் (தாளம் காட்டுற ‘டிக்’ சத்தம்) இடது சேனல், டிராக் வலது. ரெண்டுக்கும் தனித்தனி டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி), வயர்ல டேப் ஒட்டி எழுதிடுங்க. மாத்திச் சொருகினா ‘டிக் டிக்’னு ஆடியன்ஸுக்குப் போகும். க்ளிக் டிரம்மர் காதுக்கு மட்டும், பாட்டுக்கு ரெண்டு பார் முன்னாடியே ஆரம்பிக்கணும். சார்ஜர் சொருகினதும் ஹம் வந்தா டி.ஐ.ல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்க. ப்ளக்ல எர்த் பின்னைப் பிடுங்குற வேலை வேண்டவே வேண்டாம், மைக்கைத் தொடும்போது ஷாக் அடிக்கும். வெறும் டிராக் ஓட்ட ஆடியோ செட்டிங்ல பஃபர் 512 சாம்பிள் போதும். சாஃப்ட் சின்த் நேரடியா வாசிச்சா 128. அதுக்கும் கீழ போனா பழைய லேப்டாப் வெடிப்புச் சத்தம் போடும். நோட்டிஃபிகேஷன், வைஃபை ரெண்டையும் அணைச்சுடுங்க.

நாலு_தந்தி
மணி அண்ணே, யாரும் கேட்காமலேயே வகுப்பு எடுத்துட்டீங்க. பேஸ் கித்தாரைப் பத்தி மட்டும் ஒரு வரி கூட இல்ல!

இவங்க பேஸிஸ்ட் பீட்டர் ஹூக் மேல் தந்திகள்ல, கழுத்தோட உச்சியில வாசிக்கிறது ஸ்டைலுக்காக ஆரம்பிச்சது இல்ல. இவங்களோட முந்தின பேண்ட் ஜாய் டிவிஷன் காலத்துல சம்னரோட ஆம்ப் சத்தத்துல கீழ் நோட்டுகள் அவருக்கே கேட்கல, அதனால மேல போனார். பின்னாடி சீக்வென்சர் வந்து அடிப்பகுதியைப் பிடிச்சதும் அந்தப் பழக்கம் கச்சிதமா பொருந்திடுச்சு. இதை வாசிக்கிறவங்க டி, ஜி தந்திகள்ல 12வது ஃப்ரெட்டுக்குப் பக்கமா இருங்க, பிக் போட்டு. சத்தத்தைத் தடிமனாக்குற கோரஸ் பெடல் (அவரோடது எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் க்ளோன் தியரி) மெதுவான ரேட்ல. அதே கோரஸோட ஈ தந்திக்கு இறங்கினா சின்த் பேஸோட மோதிக் குழம்பிடும். மிக்சர்ல பேஸ் கித்தாரோட 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ தைரியமா வெட்டுங்க.

வால்வு_வாத்தியார்
100 ரொம்ப அதிகம். 80 போதும்.