இதயத் திசுவுக்கான மின்கடத்தும் சாரக்கட்டு: நானோகுழாயை இன்னும் கூட்டலாமா?

யஷ்வந்த்பூர் மாணவி:
வணக்கம். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஜெல்மா (ஜெலட்டினிலிருந்து செய்த, ஒளிபட்டால் இறுகும்) ஹைட்ரோஜெல்லில் கார்பன் நானோகுழாய்களையும் எலிக்குட்டிகளின் இதயத்தசைச் செல்களையும் கலந்து செல்களைத் தாங்கி வளர்க்கும் சாரக்கட்டாக முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடுகிறோம். நானோகுழாயைக் கூட்டக் கூட்ட மல்டிமீட்டரில் மின்தடை குறைகிறது. ஆனால் அச்சிடும் இந்தக் கலவை (மை) கறுத்து, புற ஊதா ஒளி உள்ளே எட்டாமல், மேல்பரப்பு மட்டும் இறுகி அடிப்பாகம் கூழாகவே நிற்கிறது. ஊசிமுனையும் அடைத்துக்கொள்கிறது. செல்கள் விளிம்பில் நன்றாகத் துடிக்கின்றன, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். கடத்துதிறன் போதவில்லை என்று எங்கள் குழுவில் கருதுகிறார்கள். நானோகுழாயையே இன்னும் கூட்டலாமா, பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமருக்கு மாறலாமா?

மின்வேதியியலாளர்:
மல்டிமீட்டரின் இரு முனைகளை ஈர ஜெல்லில் வைத்தால் வரும் எண்ணில் உப்பு அயனிகளின் பங்கும் மின்முனைப் பரப்பின் விளைவும் கலந்தே இருக்கும். பாஸ்பேட் உப்புக்கரைசலின் கடத்துதிறனே மீட்டருக்குச் சுமார் 1.5 சீமன்ஸ், இதயத்தசையோ, நார்களின் நெடுக்கில் அளந்தாலும், ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான், குறுக்கில் இன்னும் குறைவு. வளர்ப்பு ஊடகத்தில் ஊறிய ஜெல் எதுவானாலும் அயனி வழியில் ஏற்கெனவே நன்றாகக் கடத்தும். நானோகுழாய் தரும் எலக்ட்ரான் வழியைத் தனியே அறிய, வெறும் ஜெல்மாவையும் உங்கள் கலவையையும் ஒரே தடிமனில், ஒரே ஊடகத்தில் ஊறவைத்து, நான்கு முனை முறையில் (மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்தை அளக்க வேறு இரண்டு) இம்பிடன்ஸ் நிறமாலை, அதாவது வெவ்வேறு அதிர்வெண்களில் மின்னெதிர்ப்பு, எடுத்து ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீடு கையில் இல்லாமல் அளவைக் கூட்டுவது சரியல்ல.

திசு வளர்ப்பாளர்:
விளிம்பு துடித்து நடு துடிக்காமல் இருப்பதைப் பார்த்தால், நான் முதலில் ஆக்சிஜனைத்தான் சந்தேகிப்பேன். இரத்தக்குழாய் இல்லாத திசுவில் ஆக்சிஜன் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மேல் போதுமான அளவில் எட்டுவதில்லை. போதாததற்கு, ஒளிபட்டதும் ஜெல்லை இறுகச் செய்யும் ஒளித்தூண்டியின் எச்சமும் இறுகாத கூழில் தங்கிச் செல்களைப் பாதிக்கலாம். உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் வேறு நிறத்தில் காட்டும் சாயத்தைப் போட்டு நடுப்பகுதியைப் பாருங்கள். செல்கள் உயிரோடு இருந்தால், 1 ஹெர்ட்ஸில் மின்தூண்டல் கொடுத்து, செல் துடிக்கும்போது ஒளிரும் கால்சியம் சாயத்தின் ஒளி அலையாகப் பரவி எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். நிற்கும் இடத்தில் செல்களை மின்வழியில் இணைக்கும் கனெக்சின்-43 புரதத்துக்குச் சாயமிட்டால், செல்களுக்கு இடையே இணைப்பு உருவானதா என்பது தெரியும்.

2013-இல் வந்த நானோகுழாய்-ஜெல்மா ஆய்வில் தூண்டலுக்குத் தேவையான மின்னழுத்தம் 85 சதவீதம் குறைந்தது உண்மைதான். ஆனால் அங்கே செல்கள் மெல்லிய ஜெல் தாளின் மேல் விதைக்கப்பட்டன, தடித்த கட்டிக்குள் புதைக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டை உங்கள் குழுவில் அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

மின்வேதியியலாளர்:
பாலிமருக்கு மாறுவது குறித்து: பெடாட்-பிஎஸ்எஸ் அமிலத்தன்மை உடையது, செல்களோடு கலக்கும் முன் நடுநிலைப்படுத்த வேண்டும். அதன் மையும் கருநீலம் என்பதால், அளவு கூடினால் ஒளிச் சிக்கல் அங்கேயும் வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானோகுழாயைக் குறைத்து, 405 நானோமீட்டர் ஒளியில் வேலை செய்யும் எல்ஏபி என்ற ஒளித்தூண்டிக்கு மாறி, மெல்லிய இழைகளை ஒரே திசையில் இடைவெளி விட்டு அச்சிட்டு, ஒவ்வோர் அடுக்கையும் உடனுக்குடன் இறுக்குவேன். இதயச் சுவரில் நார்கள் திசையோடு ஓடுவதால்தான் மின்னலையும் நெடுக்கில் விரைந்து செல்கிறது.

யஷ்வந்த்பூர் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. உயிர்ச் சாயச் சோதனையை முதலில் முடித்துவிட்டு, வெறும் ஜெல்மாவோடு இம்பிடன்ஸ் ஒப்பீட்டையும் எடுத்து, படங்களை இங்கேயே பகிர்கிறேன். இழைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட்டால் ஊடகம் தடையின்றி உள்ளே போகும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.